சுடாத கால்

வைகாசி 10, சனி
மண்டையைப் பிளக்கிற வெயில். பெருமாள் புறப்பாடு. இவர் வழக்கம்போல் வாகனத்துக்குத் தோள் கொடுக்கப் போனார். சுமப்பவர்கள் செருப்புப் போடக் கூடாது. தார் ரோட்டில் மற்றவர்கள் துள்ளித் துள்ளி நடக்க, இவர் மட்டும் நிதானமாக. வந்ததிலிருந்து அதே பேச்சு. "எனக்குச் சுடவே இல்லம்மா. அவன் தாங்கிக்கினான்." தெருக்காரர்கள் வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். இவரும் வாகாக நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.
வாங்க வேண்டியது: பால், இவர் சுகர் மாத்திரை, துணி சோப்பு.

வைகாசி 13, செவ்வாய்
உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். கட்டைவிரல் அடியில் உடைந்து ஈரம். இவருக்குத் தெரியவே இல்லை. தரையில் ஒட்டிய கறையைப் பார்த்து நான்தான் கேட்டேன். ஆஸ்பத்திரி என்றால், "வலியே இல்ல, எதுக்கு?" மஞ்சளை அப்பிக் கட்டிக்கொண்டார்.

வைகாசி 16, வெள்ளி
வீடெல்லாம் நாற்றம். எலி செத்துக் கிடக்கிறதென்று பீரோவை நகர்த்திப் பெருக்கினேன். எலி இல்லை. கால்! கட்டைப் பிரித்தால் மஞ்சளும் சீழும் கொழகொழவென்று, கட்டைவிரல் கறுத்து. கழுவும்போதே தின்ற தோசை வெளியே வந்துவிட்டது. இவர் டிவியைப் பார்த்தபடி, "மோர் இருக்குதா?" சீ.

வைகாசி 17, சனி
ஆஸ்பத்திரி. டாக்டரம்மா இவரைக் கண்ணை மூடச் சொல்லி, "தொட்டா சொல்லுங்க" என்றார். இவர் சமர்த்தாகக் காத்திருந்தார். "எப்பம்மா ஆரம்பிப்பீங்க?" அதற்குள் டாக்டரம்மா பாதம் முழுக்கத் தொட்டு முடித்திருந்தார். எனக்கு அங்கேயே அழுகை.
சர்க்கரையால் நரம்பு மரத்துவிட்டதாம். ரத்த ஓட்டமும் குறைவு, புண் ஆறாது. விரலை எடுத்தால் பாதமாவது மிஞ்சலாம்.

வைகாசி 20, செவ்வாய்
விரல் போச்சு. பாதம் தப்புமா, சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

வைகாசி 28, புதன்
வீட்டுக்கு வந்தாயிற்று. பாதம் இன்னும் சந்தேகம்தான். இவரோடு வாகனம் சுமக்கும் கோபால் அண்ணன் லட்டோடு வந்தார். அவரும் சுகர்தான். இவர் மறுபடி ஆரம்பித்துவிட்டார். "விரல எடுத்தப்பகூட வலிக்கல. பெருமாள் கூடவே நின்னாரு."
அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எனக்கும் ரெண்டு வருஷமா சுடறதில்லபா!"
முகத்தில் என்ன பூரிப்பு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டு மாற்ற நர்ஸ் பெண் வந்தது. நழுவப் பார்த்த அண்ணனை நான் விடவில்லை. "இருங்கண்ணா. பார்த்துட்டுப் போங்க."
பிரித்தாள். விரல் இருந்த இடத்தில் சிவப்பாய்ப் பள்ளம், ஓரத்தில் சீழ். அண்ணன் கட்டிலில் காலைத் தூக்கி மடக்கி உட்கார்ந்து மூக்கைப் பொத்தினார்.
நர்ஸ் கை நின்றது. "அண்ணா, உங்க குதிகால்ல என்னா அது?"
இரும்பு ஆணி. தலை மட்டும் வெளியே தெரிந்தது, சுற்றி ரத்தம் காய்ந்து.
அண்ணன் மூக்கிலிருந்து கையை எடுக்காமல் இவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.