நாற்காலி இருந்தால் ஆள் இல்லை

1979 ஜனவரி 15, திங்கள்

நான் வேலை செய்யும் பேக்கரி இன்றும் திறக்கவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் கொட்டிய பனியில் சிகாகோவே மூடிக் கிடக்கிறது. எங்கள் தெருவில் கார்களெல்லாம் வெள்ளை மேடுகள்.

பக்கத்து வீட்டு பெட்குஸ் மாமா மட்டும் காலையிலிருந்து தனியாக நின்று தன் காரை வெட்டியெடுத்தார். எழுபதைத் தாண்டியவர். “கிழவர் புதையலா தோண்டுறாரு?” என்று அண்ணன் ஆல்கிஸ் ஜன்னலில் நின்று சிரித்தான்.

இருட்டுகிற நேரத்தில் பார்த்தேன். கார் இல்லை. வெட்டிய இடத்தின் நடுவே நீல நிறத்தில் ஒரு சமையலறை நாற்காலி. இனி அந்த இடத்தில் யாரும் காரை நிறுத்தமாட்டார்கள். பனியை வெட்டியவனுக்குத்தான் இடம். நாற்காலியைப் போட்டுவிட்டுப் போனால் திரும்பி வரும்வரை அவனுடையது. மீறினால் அந்தக் காரின் கண்ணாடி காலையில் முழுசாக இருக்காது.

ஜனவரி 16

சத்தமே இல்லை. பஸ் இல்லை, நாய்கூடக் குரைக்கவில்லை. அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு நடந்தே போனாள். திரும்பி வரும்போது அவள் புருவம் வெள்ளையாக இருந்தது. வேறு யாரோ என்று ஒரு நொடி பயந்துவிட்டேன்.

ஜனவரி 17

எங்கள் சமையலறை ஜன்னலும் பெட்குஸ் மாமாவின் ஜன்னலும் நடுவில் ஒரு குறுகிய சந்து விட்டு எதிரெதிர். அவருடைய கண்ணாடி முழுக்க உறைபனி, உள்பக்கம். அதில் கீழே ஒரு வட்டம் மட்டும் தெளிவாக. உள்ளங்கை அளவு. ஒரு சின்னப் பிள்ளை நின்று எட்டிப் பார்க்கிற உயரம். வட்டத்துக்குள் கறுப்பு.

அவர் வீட்டில் பிள்ளைகளே கிடையாது.

அம்மாவிடம் காட்டினேன். “குளிருக்குக் கண்ணாடில அப்படித்தான்டி என்னென்னமோ விழும்” என்று உருளைக்கிழங்கைத் துருவப் போய்விட்டாள்.

ஜனவரி 18

நேற்றைய வட்டம் மூடிவிட்டது. புதிதாக ஒன்று, இன்னும் கீழே. ஓரமெல்லாம் சுரண்டினதுபோல.

ஆல்கிஸிடம் சொன்னேன். “கார் எங்க? போச்சு. நாற்காலி எங்க? இருக்கு. அப்ப ஆளு எங்க? வெளியூர்ல. அவர் வாசல்ல ஒரு கால்தடமாவது இருக்கா, பாரு. இந்த ஊமைச்சிக்கு இப்ப பேய் வேற தெரிய ஆரம்பிச்சிருச்சு!”

தடம் இல்லைதான். போனேன். அவர் வாசலில் காற்று வாரிக் குவித்த பனி என் இடுப்புக்கு இருந்தது. கதவைத் தட்டினேன், கம்பளிக் கையுறையில் சத்தம் எழவில்லை. கூப்பிட வாயைத் திறந்தேன். வரவில்லை. வகுப்பில் எழுந்து படிக்கச் சொல்லி எல்லோரும் காத்திருந்தார்களே, அதேபோல. அதனால்தானே பள்ளிக்கூடத்தையே விட்டேன். வீடு வந்து போலீசுக்குப் போன் செய்தேன். எதிர்முனையில் “ஹலோ, ஹலோ” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள்.

ஜனவரி 19, காலை

இன்று வட்டமே இல்லை. கண்ணாடி முழுக்க வெள்ளை.

அதே நாள், பிற்பகல்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் என்னால் உட்கார முடியவில்லை. யார்கிட்ட சொல்றது? சொன்னா சிரிக்கிறாங்க. சிரிக்கிற நேரத்துல அங்க என்ன ஆயிட்டிருக்கோ — ஒருத்தரும் வெளியவே வரமாட்டாங்களா? எதுக்குத்தான் வருவாங்க இவங்க?

எதற்கு வருவார்கள் என்று தெரியும்.

தெருவில் இறங்கி அந்த நீல நாற்காலியைப் பிடுங்கினேன். அதன் கால்கள் தரையோடு உறைந்து ஒட்டியிருந்தன. நடுத்தெருவுக்கு இழுத்து வந்தேன். ஒவ்வொரு வீட்டிலும் திரை விலகியது. எதிர்வீட்டு ப்ரோனியுஸ் மாமா வீட்டுச் செருப்போடு ஓடிவந்தார். “ஏய் பொண்ணு! வை அதை! உங்கண்ணன் காரை நிறுத்த அனுப்பினானா உன்னை?”

ஆல்கிஸ் பின்னாலேயே வந்துவிட்டான். “ஐயோ, நான் ஒண்ணும் சொல்லல மாமா! ஆல்டோனா, பைத்தியமா பிடிச்சிருக்கு?”

“பெட்குஸ் வந்து கேட்டா என்னடி பதில் சொல்லுவ?” யாரோ கத்தினார்கள். தெருவே கூடிவிட்டது.

“அவர் வரமாட்டாரு” என்றேன். “அவர் போகவே இல்ல. உள்ளதான் இருக்காரு.”

என் குரலா அது! தெருமுனை வரை போனது. யாரும் சிரிக்கவில்லை. ப்ரோனியுஸ் மாமா நாற்காலியைப் பார்த்தார். பிறகு அந்த வெள்ளை ஜன்னலை. பிறகு மண்வாரியை எடுத்துவரப் போனார்.

ஜனவரி 20

உயிர் இருக்கிறது.

திங்கள் சாயங்காலம் சமையலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. கணப்பு அணைந்துபோயிருக்கிறது. கம்பளியை இழுத்துக்கொண்டு ஜன்னலுக்கடியில் கிடந்து, கை எட்டிய உயரத்தில் கண்ணாடியைச் சுரண்டியிருக்கிறார். காரை எடுத்துப்போனது அவருடைய தங்கை மகன். மில்வாக்கி போனவன் சாலை மூடி அங்கேயே மாட்டிக்கொண்டான். கார் போனது எல்லோருக்கும் தெரியும். ஓட்டிப்போனது யார் என்று ஒருவரும் பார்க்கவில்லை.

ஆம்புலன்ஸ் தெருவுக்குள் வர முடியவில்லை. குழந்தைகள் சறுக்கும் வண்டியில் படுக்கவைத்து இழுத்துப்போனார்கள். கயிற்றின் முன்னால் ஆல்கிஸ்.

பிப்ரவரி 11, ஞாயிறு

கறுப்பு ரொட்டி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு கால்விரல்களை எடுத்துவிட்டார்கள். பெட்குஸ் மாமா மெதுவாகப் பேசினார்.

“முதல் நாள் கத்தினேம்மா. அப்புறம் விட்டுட்டேன். என் சத்தம் சுவரைத் தாண்டல. ஆனா தெருவுல பேசுறது எனக்குக் கேட்டுச்சு. எவனோ என் இடத்துல காரை விடப் பாத்தான். ‘அது பெட்குஸோட இடம், தொடாதே’ன்னு ப்ரோனியுஸ் விரட்டினான். நல்ல மனுஷங்கன்னு நினைச்சேன்.” போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். “நாற்காலி கிடந்தா ஆள் இல்லைன்னுதானே நினைப்பாங்க. அப்புறம்தான் பயம் வந்துச்சு.”

ரொட்டியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துக் கொடுத்தேன்.

பிப்ரவரி 24

மறுபடி பனி. இப்போதெல்லாம் நாற்காலி போடுகிறவர்கள் எங்கள் வீட்டு மணியையும் அடித்துவிட்டுப் போகிறார்கள். யாரும் பேசிவைத்ததில்லை, தானாக வந்துவிட்டது. “சிசரோ வரைக்கும் போறேன் ஆல்டோனா, மத்தியானம் வந்துடுவேன்.” ப்ரோனியுஸ் மாமா மட்டும் முணுமுணுப்பார்: “கட்டினவகிட்டகூட இப்படிச் சொல்லிட்டுப் போனதில்ல நான்.” “சரி மாமா” என்று ஜன்னலைத் திறந்து சொல்வேன். எல்லோருக்கும் கேட்கும்படி.

பிப்ரவரி 26

தெருமுனையில் ஒரு மர நாற்காலி. முன்பு பார்த்ததில்லை. இருக்கைமேல் நேற்றைய பனி அப்படியே இருக்கிறது. மணி அடிக்கவில்லை யாரும்.

கோட்டை மாட்டிக்கொண்டேன். யாருடைய நாற்காலி என்று முதல் வீட்டிலிருந்து கேட்டுக்கொண்டே போகவேண்டும்.