பொத்தான் வலப்பக்கம்தான்

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். முழங்காலைத் தவிர உடம்பில் மற்றதெல்லாம் சொன்னபடி கேட்கிறது. நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். உன்மேல் புகார் சொல்லி உங்கள் தொடரின் தயாரிப்பாளருக்கு நான் கடிதம் போட்டதாக ஒரு பேச்சு அடிபடுகிறது. உன் காதுக்கும் வந்திருக்கும். தபால் நிலையத்தில் எனக்குப் பின்னால் நின்றவள் ஊர்வம்பையெல்லாம் ஒலிபரப்பும் நம் கீழ்வீட்டுக்காரி, அந்த ரேடியோ. உறைமேல் இருந்த விலாசத்தைத்தான் அவள் படித்தாள். உள்ளே இருப்பதை அவளே இட்டுக்கட்டிக்கொண்டாள். கடிதம் எழுதியது உண்மை. புகார் என்பது பொய். நகல் இத்துடன் இருக்கிறது. இதை முடித்துவிட்டு அதைப் படி.

நீ உடை வடிவமைக்கும் தொடரை நான் பார்ப்பதே இல்லை என்று மகனிடம் சொல்லியிருந்தேன். அது நான் சொன்ன பொய். முதல் நாளிலிருந்து, ஒரு நாள் விடாமல், மாலை ஏழு மணிக்கு உட்கார்ந்துவிடுகிறேன்.

அதில் வரும் மாமியாரைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. கழுத்துவரை பூட்டிய காலர், இடது சட்டைக்கைக்குள் செருகிய கைக்குட்டை, மணிக்கட்டின் உட்பக்கம் திருப்பிக் கட்டிய கடிகாரம். நேரம் பார்ப்பது எதிரில் இருப்பவருக்குத் தெரியக்கூடாது என்பதற்காகக் கான்வென்டில் சிஸ்டர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த வழக்கம் அது. உன் தொடர் மாமியாரோ மருமகள் பேசத் தொடங்கியதுமே மணிக்கட்டைத் திருப்புகிறாள். வசனமே வேண்டியிருக்கவில்லை. மறுநாள் மாடிப்படியில் ரேடியோ என்னை நிறுத்தி, “அக்கா, டிவில உங்கள உரிச்சு வச்ச மாதிரியே ஒருத்தி வர்றா, பாத்தீங்களா? என்னா கொடுமைக்காரி!” என்றாள். வாயெல்லாம் பல் அவளுக்கு.

எனக்குக் கோபம் வந்தது, மறைக்கமாட்டேன். பரீட்சைத் தாள் திருத்துவதுபோல் குற்றம் தேடித்தான் தொடர்ந்து பார்த்தேன். அப்படிப் பார்த்ததில்தான் அந்த மருமகள் பெண்ணைக் கவனித்தேன். கல்யாணமாகி வந்த வாரம் நல்ல மஞ்சள் உடுத்தியிருந்தாள். பிறகு வெளிர்மஞ்சள். பிறகு சந்தன நிறம். ஒரு மாதத்தில் சோபா உறையும் அவளும் ஒரே நிறமாகிவிட்டார்கள். அவள் ஜன்னலோரம் நின்ற ஒரு காட்சியில் திரைச்சீலை எது, அவள் எது என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த வீட்டில் ஒருவரும் அவளை அடிக்கவில்லை, வையவில்லை. நிறம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

நீ இங்கே வந்த புதிதில் உன்னிடம் ஒரு மஞ்சள் சட்டை இருந்தது. “கண்ணக் குத்துது” என்று ஒரே ஒரு முறைதான் சொன்னேன். பிறகு அதை நீ போட்டு நான் பார்த்ததில்லை. ஒரு முறைதானே என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

இப்போது அந்தப் பழுப்பு ஸ்வெட்டர் விஷயம். தொடரில் கணவர் இறந்த பிறகு, யாரும் இல்லாத அறையில் அந்த மாமியார் ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தோள் இறங்கிக் கிடக்கிறது. கை இரண்டு மடிப்பு. பொத்தான்கள் வலப்பக்கம். அரை நிமிடக் காட்சி. ஒரு வார்த்தை இல்லை.

மறுநாளே ஊர் சிரித்துவிட்டது. “பொம்பள ஸ்வெட்டருக்குப் பொத்தான் எந்தப் பக்கம்னு தெரியாதவளெல்லாம் டிசைனரா?” என்று எழுதினார்களாம். தயாரிப்பாளர் உன்னை வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார் என்று மகன் போனில் சொன்னான். “வேல போயிடும்போல இருக்கும்மா. காரணத்தச் சொல்லேன்டின்னா வாயத் தொறக்கமாட்டேங்கறா” என்றான்.

நீ ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். உன் மாமனார் போன அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் மத்தியானம் நீ டீ எடுத்துக்கொண்டு, கதவைத் தட்டாமல் என் அறைக்குள் வந்துவிட்டாய். அவருடைய பழுப்பு ஸ்வெட்டர் என் மேல் இருந்தது. மரியாதை தெரியாதா என்று உன்மேல் எரிந்து விழுந்தேன். நீ டீயை வைத்துவிட்டுப் போனாய். அதை யாரிடமும் சொல்லவில்லை, கட்டிய கணவனிடம்கூட. வேலை போகும் நிலையிலும் சொல்லவில்லை. அந்தக் கொடுமைக்காரியை ஒரு தடவையாவது மனுஷியாகக் காட்டவேண்டும் என்று நினைத்திருக்கிறாய். அதற்கு உனக்குக் கிடைத்தது என்னுடைய அந்த ஒரு மத்தியானம்.

அதனால்தான் நானே எழுதினேன். இரண்டு பக்கம், பதிவுத் தபாலில். ஆண்கள் உடையில் பொத்தான் வலப்பக்கம்தான் இருக்கும், அந்த ஸ்வெட்டர் இறந்துபோன கணவருடையது, அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்த பெண்பிள்ளை நான்தான், என் மருமகள் பார்த்ததைப் பார்த்தபடியே செய்திருக்கிறாள், உங்கள் பார்வையாளர்களுக்குத் தெரியாதது அவள் தவறில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் அதைப் பத்திரிகையில் போட்டுக்கொள்ளலாம் என்றும் சேர்த்தேன். ரேடியோ படித்துக்கொள்ளட்டும்.

ஒரு தவறு மட்டும் இருக்கிறது. சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஸ்வெட்டர் கையை நீ வெளிப்பக்கமாக மடிக்கவைத்திருக்கிறாய். நான் உட்பக்கம் மடிப்பேன். விளிம்பு பிரிந்திருப்பது அப்போது தெரியாது. அடுத்த முறை திருத்திக்கொள்.

இன்னொரு திருத்தம் என்னுடையது. இரண்டு வருடத்துக்கு முன் சாப்பாட்டு மேஜையில், விருந்தாளிகள் நடுவே, “என் மருமகளுக்கு நடிகைங்க துணிய மடிச்சுக் குடுக்கிற வேலை” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் காலையில் நீ பெட்டியைக் கட்டினாய். அன்று வந்திருந்தவர்களில் மூன்று பேர் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். போன வாரம் மூவரையும் டீக்கு அழைத்து, என் மருமகள் என்ன வேலை செய்கிறாள் என்பதை ஒழுங்காகச் சொன்னேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒருவர் கொட்டாவி விட்டார். அவருக்காக மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

தயாரிப்பாளர் என்ன முடிவு எடுப்பார் என்று எனக்குத் தெரியாது. என்ன எடுத்தாலும் உன் கையும் கண்ணும் உன்னோடு இருக்கும். நன்றாக இரு. வேளாவேளைக்குச் சாப்பிடு. பிடித்த நிறத்தை உடுத்து.

போன் செய்யாதே. போனில் நான் யோசிக்காமல் பேசிவிடுவேன், அதனால் வந்த வினை போதும். உன் கையால் நாலு வரி எழுது. கோபமாக இருந்தாலும் எழுது. தபால் இங்கே பதினோரு மணிக்கு வரும்.

அன்புடன்,
அத்தை