முனிக்கு நேர்ந்து விட்ட நாய்கள்

ஓப்பநாயக்க
10.10.2004, ஞாயிறு

அன்பு மகள் ஜீவராணிக்கு, அம்மா எழுதிக்கொள்வது. குவைத்தில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, அந்த வீட்டு மனிதர்களோடு சச்சரவு இல்லாமல் சுகமாக இருக்கிறாய் என்றால் எனக்கு அதுவே போதும், நாங்களும் இன்றைய தேதிக்குச் சுகம்தான். உன் மகள் நிரோஷாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது, சிரித்தால் கிழவி மாதிரி இருக்கிறாள், படிப்பில் கெட்டி, வாயில் அதைவிடக் கெட்டி. எப்போதும் கடிதத்தின் தலைப்பில் முனியாண்டி துணை என்று போடுவேனே, இந்தத் தரம் போடவில்லை என்று கவனித்திருப்பாய். மறந்து போகவில்லை, போடக் கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் உன் அண்ணன் சுதாகரன் பக்கத்திலேயே நிற்கிறான், வாயைத் திறந்ததும் போனைப் பிடுங்கிக்கொள்கிறான். அதனால்தான் கடைக்கார கபூர் நானாவின் மருமகன் மர்சூக் நாளைக்குக் குவைத்துக்குத் திரும்பும்போது அவன் கையில் கொடுத்துவிட இதை எழுதுகிறேன், முழுதாகப் படி.

மேல்மலை எல்லையில் காட்டை ஒட்டி முனியாண்டி கல் இருக்கிறதே, அந்த மலையில் இப்போது யாரும் கொழுந்து எடுப்பதில்லை, மானாப்புல்லும் காடும் கல்லுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஆடி மாதம் நம் லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டு இருளாயி அங்கே தன் கிழட்டு நாயைக் கொண்டுபோய் விட்டாள். மகனுக்குக் காய்ச்சல் இறங்கினால் சேவல் கொடுப்பதாக நேர்ந்திருந்தாளாம், காய்ச்சல் இறங்கியது, சம்பந்தி வீட்டார் வந்த அன்று அந்தச் சேவலை அடித்துக் குழம்பும் வைத்துவிட்டாள், பிறகு சாமி கோபம் வந்துவிடுமே என்று பயந்து நாயைக் குளிப்பாட்டி, குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலை போட்டுக் கல்லோடு கட்டிவிட்டு வந்தாள். முனிக்குக் கொடுத்தால் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும் என்பது உனக்குத் தெரியும், அது பின்னால் கத்தக் கத்த அப்படியே வந்திருக்கிறாள். மறுநாள் போய்ப் பார்த்தால் அறுந்த கயிறு மட்டும்தான், ராத்திரி பெய்த மழையில் வேறு ஒரு தடயமும் இல்லை. முனி ஏத்துக்கிட்டாரு, முனி ஏத்துக்கிட்டாரு என்று பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க நின்ற எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்திருக்கும்.

அதற்குப் பிறகு பார்க்கவேண்டும், நம் லயத்து ஆட்களுக்கு வந்த பக்தியை! கிளாக்கர் வீட்டில் பத்து வருஷமாக வாசல் காத்த நாயைக் கொண்டுபோய் விட்டார்கள், மருமகள் முழுகாமல் இருக்கிறாளாம், நாய் மயிர் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதாம். கீழ் லயத்தில் ஒருத்தி சொன்னாள், அதுக்குக் கண்ணு தெரியலக்கா, ரோட்டுல லொறியில அடிபட்டுச் சாகறதுக்கு சாமி காலடியில கெடந்தா அதுக்கு நல்லதுதானே என்று. நாய்க்கு நல்லது எது என்று நாயிடம் கேட்டாளாக்கும். இன்னொருவன் புதிதாகச் சீமெந்துத் தரை போட்டிருக்கிறான், கிழட்டு நாய் அடக்க முடியாமல் தரையில் பெய்துவிடுகிறதாம். யாரும் தூக்கி எறிந்தேன் என்று சொல்லவில்லை மகள், நேர்ந்து விட்டேன் என்றுதான் சொன்னார்கள். அடித்துக் கொன்றால் பாவம், விரட்டினால் நாலு பேர் பேசுவார்கள், மாலை போட்டு விட்டால் புண்ணியம். புண்ணியம் தேடின கையோடு அடுத்த கிழமையே பெல்மதுளைக்குப் போய் ஆளுக்கொரு குட்டியும் வாங்கி வந்தார்கள். மேலே விட்ட ஒரு நாயும் மறுநாள் இருந்ததில்லை, அதுதான் இவர்களுக்குச் சாட்சி.

எனக்கு அப்போதே மனது சரியில்லை. முனி நம் தாத்தா பாட்டி காலத்திலிருந்து சாராயமும் சுருட்டும் சேவலும் கேட்ட சாமி, இப்போது திடீரென்று சொறி பிடித்த நாய் கேட்பாரா? போன மாதம் கபூர் நானா விடியற்காலை மோட்டார் சைக்கிளில் பாண் ரொட்டி கொண்டு வந்தவர், பெட்டியை இறக்காமலே என்னை ஓரமாகக் கூப்பிட்டார். வெள்ளையம்மாக்கா, அது முனியும் இல்ல ஒண்ணும் இல்ல, சிறுத்த, மேல் ரோட்டு மதகுல படுத்திருந்திச்சி, என்ட ரெண்டு கண்ணால கண்டேன், லைட்டுக்கும் அசையல்ல, தீனிக்குப் பாத்துக்கிட்டு இருக்கிற மாதிரி இருந்திச்சி என்றார். யோசித்துப் பார், காட்டில் ஓடித் திரிந்து பிடிக்க வேண்டியதை நாம் கட்டிவைத்துக் கொடுத்துப் பழக்கியிருக்கிறோம். உன் அண்ணனிடம் சொன்னேன், நம்ம சாமியப் பத்தி கடக்காரருக்கு என்னாம்மா தெரியும், வெளிய சொல்லிடாதீங்க என்று என்னையே அடக்கினான்.

பிறகு கொண்டுபோய்விடக் கிழட்டு நாய்கள் தீர்ந்துவிட்டன. மேலே தீனி நின்றது. போன புதன்கிழமை காலையில் இருளாயியின் புதுக் குட்டியைக் காணோம், இஸ்தோப்புத் திண்ணையில் சங்கிலி மட்டும் கிடந்தது, அவள் வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தானே. பின்பக்கச் சாக்கடைக் கானில் ஈரச் சேற்றில் என் உள்ளங்கை அகலத்துக்குத் தடம், நாய்க்குப் பதிகிற மாதிரி நகம் பதியவில்லை. காட்டினேன். பார்த்துவிட்டும் என்ன சொன்னார்கள் தெரியுமா, முனி வாசலுக்கே வந்து கேக்குறாரு, இன்னும் ஒண்ணு கொடுபடாம இருக்கு என்று. எல்லோரும் நம் வாசலைத்தான் பார்த்தார்கள். நீ எட்டாம் வகுப்பு படிக்கும்போது கீழே சிங்களக் கிராமத்திலிருந்து கவுனுக்குள் ஒளித்துக் கொண்டு வந்த சூட்டிதான் லயத்தில் மிஞ்சியிருந்த ஒரே கிழட்டு நாய். சின்னவள் என்று சிங்களத்தில் பேர் வைத்த அதற்கு இப்போது ஒரு கண் பால் விழுந்து, காதும் மந்தம். உன் அண்ணியும் தன் பங்குக்கு, நிரோஷாவுக்கு இருமல் நாயாலதான் வருது என்று தொடங்கினாள். இருமல் வந்தால் அடுப்புப் புகையைக் குறை, பிள்ளை நாயைக் கட்டிக்கொண்டு தூங்குவது இன்று நேற்றா என்று நானும் கத்தினேன். ஜீவராணி வந்து கேட்டால் என்ன சொல்வாய் என்றேன். அவ அங்க இருக்கா, லயத்து ஆளுகளோட நான்தானே இங்க இருக்கேன் என்றான் உன் அண்ணன்.

வெள்ளிக்கிழமை நான் பலாங்கொடை கிளினிக்குக்கு மருந்து எடுக்கப் போன நேரம் பார்த்து உன் அண்ணனும் லயத்து ஆட்களுமாகச் சூட்டிக்கு மாலை போட்டுக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நான் வந்தபோது நிரோஷா அழுது அழுது வாந்தி எடுத்திருந்தாள். அன்று நான் அடுப்பு மூட்டவில்லை. பெற்ற பிள்ளையாயிற்றே, அவனைச் சபிக்கக்கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நேற்றுச் சனிக்கிழமை விடிந்து கதவைத் திறக்கிறேன், வாசற்படியில் சூட்டி. கழுத்தில் வாடின மாலை, பல்லால் கடித்து அறுத்த கயிறு தரையில் இழுபடுகிறது, உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. நிரோஷா குதித்த குதியில் பலகைக் கட்டில் உடைந்திருக்கும். லயத்தில் ஒருவருக்கும் முகத்தில் ரத்தமில்லை, முனி வேணாம்னு திருப்பி அனுப்பிட்டாரு, இனி என்னா கேப்பாரோ என்று குசுகுசுக்கிறார்கள். நானும் பயந்துதான் போயிருக்கிறேன் மகள், ஆனால் என் பயம் வேறு. கல்லில் கட்டிப்போட்ட அரைக் குருட்டு நாய் ஒரு ராத்திரி முழுக்கத் தனியாகக் கிடந்து முழுசாகத் திரும்பி வந்திருக்கிறது. அப்படியென்றால் அந்த மிருகம் இப்போது மேலே இல்லை. கீழே நம் பக்கம் வந்துவிட்டது. கீழே நாய்க்குட்டிகளும், பள்ளிக்கூடத்துக்கும் பீலிக்கும் தனியாக நடக்கிற பிள்ளைகளும்தான் இருக்கிறார்கள்.

அதனால் இதைப் படித்ததும் உன் அண்ணனுக்குப் போன் பண்ணு. நிரோஷாவையும் சூட்டியையும் நிவித்திகல சித்தி வீட்டில் கொண்டுபோய் விட நான் தயார், பள்ளிக்கூடம் கெடும் என்று அவன்தான் மறிக்கிறான், தாய் நீ சொன்னால் மறுக்க முடியாது. தோட்டத்துத் துரையிடம் போய்க் காட்டிலாகாவுக்குத் தகவல் கொடுக்கக் கேட்கவும் அவனிடம் சொல்லு, நான் சொன்னால் கிழவி பேச்சு. பிள்ளையோடு பேசும்போது மட்டும் இதையெல்லாம் கேட்டுவிடாதே, பயந்துவிடும். நீயும் பயந்து அழுது உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, தலைக்கு எண்ணெய் வை, மர்சூக்கிடம் கருவாடும் மிளகாய்த்தூளும் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். நீ போன மாதிரியே முழுசாகத் திரும்பி வந்து உன் பிள்ளையைத் தூக்கவேண்டும், எந்தச் சாமிக்குக் கண் இருக்கிறதோ அந்தச் சாமி உன்னைக் காப்பாற்றட்டும்.

இந்தப் பட்டப்பகலிலும் சூட்டி பின்கதவைப் பார்த்து மயிர் சிலிர்த்து நின்று உறுமுகிறது. உன் அண்ணன் படுத்தபடியே, வயசாயிருச்சிம்மா, சும்மா சும்மா உறுமும், பேசாம எழுதுங்க என்கிறான். நிரோஷா இஸ்தோப்பில்தான் விளையாடிக்கொண்டிருந்தாள், சத்தத்தைக் காணோம். பேனையை வைத்துவிட்டு அவளை உள்ளே கூப்பிடப் போகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
வெள்ளையம்மா