நீ சொன்ன முடிவுகள்

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் டிரைவர் அந்தப் பாட்டைப் போட்டுவிட்டார். மூன்றாம் ஷிப்ட் முடிந்து, கையில் எண்ணெய் வாடை போகாமல், அரைக்கண் மூடி உட்கார்ந்திருந்தேன். ஜெயிலுக்குப் போகும் கணவனை அனுப்பிவிட்டு வாசல் தூணைப் பிடித்தபடி ஒருத்தி பாடுவாளே, அந்தப் பாட்டுத்தான். பக்கத்து சீட்டுக்காரி, "பாவம், கடசில அவன் செத்துருவான்" என்றாள். சாகமாட்டான், விடுதலையாகி வீட்டுக்கு வந்துவிடுவான் என்றேன். அவள் சிரித்தாள். முன் சீட்டிலும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். மத்திகிரியில் இறங்கும்வரை நான் விட்டுக்கொடுக்கவில்லை. நீ சொன்ன முடிவு அது. பொய் என்று தெரிந்தேதான் சண்டை போட்டேன்.

வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைப் போட்டுப் பார்த்திருக்கலாம். தெம்பில்லை. இப்போதெல்லாம் எதற்குமே தெம்பில்லை. தவிர, சாயங்காலம் உன் மகள் பெங்களூரிலிருந்து வருகிறேன் என்று போன் செய்திருந்தாள். அவள் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றபோதே கேட்டாள், அம்மா கடைசியில் என்ன சொன்னார்கள் என்று. அப்புறம் பேசலாம் என்று சொல்லியே நாளைக் கடத்திக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு அப்படித் தப்பிக்க முடியாது.

நாம் அந்த லைன் வீட்டில் ஒரே அறையில் இருந்த காலத்தை நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன். நான் சாமல்பட்டியிலிருந்து வந்தவள், நீ கிருஷ்ணகிரிப் பக்கம். கம்பெனியில் இரண்டு பேருக்கும் ஒரே ஷிப்ட், ஒரே லைன். காலையில் வந்ததும் சட்னியில்லாமல் இரண்டு இட்லி, அப்புறம் பாயை விரித்து, உன் அண்ணன் வேண்டாமென்று கொடுத்த அந்த டிவியில் ஒரு பழைய படம். புதுப் படம் போட்டால் நீ எழுந்து துணி துவைக்கப் போய்விடுவாய். நம் அம்மாக்களுக்குக் காது குத்துவதற்கு முன்னால் வந்த படமாக இருக்க வேண்டும் உனக்கு. ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"இதுல நடிச்சவங்க முக்காவாசிப் பேரு போய்ச் சேந்துட்டாங்க புள்ள. இனிமே இவங்களுக்கு ஒன்னும் ஆவாது. நிம்மதியா பாக்கலாம்" என்றாய்.

அப்போது உன்னைக் கேலி செய்தேன். ஆனால் எனக்கும் அந்தப் படங்கள் பிடித்துத்தான் இருந்தன. லைனில் நமக்குத் தலை சொறிய நேரமிருக்காது. ஒரு பாகத்தை மாட்டி முடிப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கும். படத்தில் ஒரு மனிதர் கதவைத் திறந்து, குடையை மடக்கி, அதை மூலையில் சாய்த்து வைத்து, அதற்குப் பிறகுதான் பேச ஆரம்பிப்பார். யாரும் அவரை அவசரப்படுத்த மாட்டார்கள். அதைப் பார்த்தாலே எனக்கு உடம்புவலி கொஞ்சம் குறையும். நீ புடவைக்குக் கலர் சொல்லிக்கொண்டிருப்பாய். கறுப்பு வெள்ளையில் என்ன தெரியும்? "மாம்பழக் கலரு, அரக்கு பார்டர்" என்று கடையில் எடுத்துக் கொடுத்தவள் மாதிரி சொல்வாய். நான் இல்லை, பச்சை என்பேன். அந்தச் சண்டையிலேயே எனக்குத் தூக்கம் வந்துவிடும்.

மத்தியானம் எழுந்ததும் முடிவு கேட்பேன். நீ வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொல்வாய். தொலைந்துபோன பிள்ளை கிடைத்துவிட்டான். கண் தெரியாதவளுக்குப் பார்வை வந்துவிட்டது. ஜெயிலுக்குப் போனவன் திரும்பி வந்துவிட்டான். எந்தப் படத்திலும் ஒருத்தரைக்கூட நீ சாகவிட்டதில்லை. அந்தக் காலத்து ஆட்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று நானும் மடச்சி மாதிரி நம்பினேன்.

பிறகு கல்யாணம், பிள்ளைகள், உனக்கு இரண்டு தெரு தள்ளி வீடு, உன் வீட்டுக்காரரின் சாவு. ஆனாலும் மூன்றாம் ஷிப்ட் வாரங்களில் படம் நிற்கவில்லை. உன் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸுக்குப் போக ஆரம்பித்த பிறகு, அங்கேயே போனில், இயர்போனை ஆளுக்கு ஒரு காதில் மாட்டிக்கொண்டு பார்த்தோம். அப்படி ஒருநாள் பாதியில் நீ தூங்கிவிட்டாய். நானும் தூங்கிவிட்டேன். கண் விழித்ததும் நீ முடிவு கேட்டாய். வாயில் வந்ததைச் சொன்னேன், ரெண்டு பேரும் சேர்ந்துட்டாங்க என்று. நீ என்னை உற்றுப் பார்த்துவிட்டு, ஊசி குத்திய கையை அசைக்காமல் அப்படிச் சிரித்தாய்.

"நீயும் தூங்கிட்டியா? எனக்கு மட்டும் என்னா தெரியும்னு நெனச்ச? நீ கொறட்ட விட்டதும் நானும் கண்ண மூடிருவன். எழுந்து கேக்கறியேன்னு எதனா சொல்லுவன்."

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷமா ஏமாத்தினியா என்றேன். நல்லபடியாத்தானே ஏமாத்தினேன் என்று கேட்டாய்.

கடைசி நாளும் நான் ஷிப்ட் முடிந்து நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தேன். உன் மகள் கிளம்பிவிட்டாள், அத்திப்பள்ளி நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தாள். போனில் படம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குத் தலை தொங்குவதை நீ பார்த்துவிட்டாய். "நீ தூங்கு புள்ள. நான் முழிச்சிருக்கறன். என்னா ஆச்சுன்னு அப்பறம் சொல்றன்" என்றாய். நர்ஸ் தோளைத் தொட்டு எழுப்பியபோது வேறு ஏதோ படம் ஓடிக்கொண்டிருந்தது. நீ இல்லை. உன் முடிவை எனக்குச் சொல்ல ஆள் இல்லை. அன்றைக்கு வந்த அசதி இன்னும் என் உடம்பைவிட்டுப் போகவில்லை.

சாயங்காலம் உன் மகள் வந்தாள். இளைத்திருக்கிறாள். செருப்பைக் கழற்றியதும் கேட்டுவிட்டாள்.

"சொல்லுங்க சித்தி. அம்மா கடசில என்னா சொன்னாங்க?"

தூங்கிவிட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வேறு வந்துவிட்டது.

"உன்னத்தான் கேட்டாங்க. அத்திப்பள்ளி தாண்டிட்டாளாம், வந்துருவான்னு சொன்னன். சரி, வந்ததும் அதுக்கு மொதல்ல சோறு போடு, அழ உட்டுட்டு நிக்காதன்னாங்க. அப்பறம் என் கையப் புடிச்சிக்கிட்டு கண்ண மூடிட்டாங்க."

அவள் அழுதாள். வெகு நேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, நீங்க முழிச்சிட்டுத்தானே இருந்தீங்க சித்தி என்று கேட்டாள். ஆமாம், முழித்துக்கொண்டுதான் இருந்தேன் என்றேன்.

சோறு போட்டேன். சாப்பிட்டாள். அவளிடம் சொன்ன நேரத்திலிருந்து என் உள்ளங்கையில் உன் கை இருக்கிறது, கொஞ்சம் சூடாக, டயாலிசிஸ் தழும்போடு. நடக்காதது என்று தெரியும். இனி எனக்கும் உன் முடிவு அதுதான்.