கடினமான உரையாடலுக்கு ஒரு பாடம்

மார்ச் 4

இல்லை, மறுக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதுதான் உறுத்துகிறது. பொது மேலாளர் அவள் பெயரைச் சொன்னதும் தலையாட்டிவிட்டேன். வேலையை இழக்கப்போகிறவள் குருவி. நிர்வாகப் படிப்பில் என் அறைத்தோழி, இப்போது இதே அலுவலகம்; ஓயாமல் பேசுவதால் குருவி. அவளிடம் சொல்ல வேண்டியது நான். வெள்ளிக்கிழமை.

மார்ச் 5

அக்கா மயக்க மருந்து டாக்டர். கேட்டதும் காய் நறுக்கிய கத்தியைக் கீழே வைத்தாள்.

"முடியாதுன்னு சொல்லேன்டி."

"வேற ஆளை வச்சு சொல்லுவாங்க."

"நான் முடியாதுன்னா ஆபரேஷன் நடக்காது. பெரிய டாக்டர் குதிச்சாலும் நடக்காது. உங்களுக்கு அப்படி ஒண்ணும் கிடையாதா?"

பட்டமளிப்பு மேடையில் சொன்னார்கள், நிர்வாகமும் மருத்துவம்போல நெறியுள்ள தொழில் என்று. கைதட்டினோம். தப்பு செய்தால் அக்காவின் தொழில் உரிமையைப் பறிக்க ஒரு சபை இருக்கிறது. என்னுடையதைப் பறிக்க யாரும் இல்லை. அந்த மரியாதைகூட இல்லை.

மார்ச் 6

சாப்பாட்டு நேரத்தில் குருவி என் தட்டிலிருந்து எடுத்துத் தின்றாள். முன்கூட்டிச் சொல்லக்கூடாது என்பது விதி. சொல்லவில்லை.

மார்ச் 7

படிப்பில் சொல்லிக்கொடுத்தபடியே செய்தேன். முதல் வாக்கியத்தில் முடிவு. பிறகு காரணம், சுருக்கமாக. மன்னிப்புக் கேட்கக்கூடாது. வகுப்பில் இதை ஒத்திகை பார்த்தோம் — நான் மேலாளர், அவள் ஊழியர். பொய்யாக அழுது எல்லோரையும் சிரிக்க வைத்தாள்.

இன்று அழவில்லை. நான்தான் பாதியில் அடுத்த வரியை மறந்தேன்.

"இப்ப 'உங்க பங்களிப்புக்கு நன்றி' வரணும்டி" என்றாள். "அப்புறம் தண்ணிய என் பக்கம் நகர்த்தணும்."

நகர்த்தினேன். ஐயோ, ஏன் நகர்த்தினேன்? யார் எதைச் சொன்னாலும் செஞ்சிடுவேனா?

"பரவால்ல, தேறிட்ட. அன்னிக்கு சொதப்பினே." குடிக்கும்போது டம்ளர் அவள் பல்லில் இடித்தது.

மார்ச் 12

குருவி போன் எடுக்கவில்லை.

மார்ச் 20

"பக்குவமா முடிச்சீங்க" என்றார் பொது மேலாளர். இனி இதெல்லாம் என்னிடமே வருமாம்.

ஏப்ரல் 2

அடுத்த பெயர் வந்தது. கிடங்கு மேற்பார்வையாளர். பொது மேலாளரிடம் காரணம் கேட்டேன்.

"அது உங்களுக்கு எதுக்கும்மா?"

"தெரியாம சொல்ல முடியாது சார்."

என்னை நிமிர்ந்து பார்த்தார். "சரி, விடுங்க." அவ்வளவுதான். திட்டக்கூட இல்லை. மதியத்துக்குள் வேறொருவர் மேற்பார்வையாளரிடம் சொல்லி முடித்துவிட்டார்.

அன்று நான் மறுத்திருந்தாலும் குருவிக்கு இதுவேதான் நடந்திருக்கும். ஆனால் எதிரில் உட்கார்ந்திருந்தது நானாக இருந்திருக்காது.

கிடங்குக்காரர் அட்டைப்பெட்டியோடு படியிறங்கினார். ஒரு பக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன். பேருந்து வரும்வரை அவரோடு நின்றேன்.