மாமன் மடி

அண்ணனுக்கு,

கம்போடியாவில் குழந்தைகள் இல்லத்துக்குச் சேவை செய்யப் போயிருக்கிறாயாமே. ஒரு குட்டிப் பெண்ணை மடியில் வைத்துச் சோறூட்டும் படத்தை ஸ்டேட்டஸில் பார்த்தேன். எல்லாரும் 'அங்கிள், அங்கிள்' என்று உன்னையே சுற்றி வருகிறார்கள் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம்.

உனக்காக என் மகளின் காதுகுத்தை இரண்டு முறை தள்ளிவைத்தேன். இரண்டு முறையும் லீவு இல்லை என்றாய். அந்த லீவு எங்கே போனது என்று இப்போது தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைப்பாக்கம் கோயிலில் காது குத்திவிட்டோம்.

"இன்னாம்மா, தாய்மாமன் வரலியா? கொயந்தைய யார் மடியில குந்த வெக்கிறது?" என்று ஆசாரி கேட்டார்.

"நான் உக்காருதேன்க்கா" என்றான் வேல்ராஜ். கம்பெனியில் என் அசெம்ப்ளி லைனில் வேலை செய்கிறவன்; நைட் ஷிஃப்ட் முடித்து நேராகக் கோயிலுக்கு வந்திருந்தான். "கண்டவனையும் வூட்டுக்குள்ள சேக்காத" என்று நீ வாசலிலேயே விரட்டினாயே, அதே தென்காசிப் பையன்தான். ஊசி இறங்கியபோது அவள் அவன் யூனிஃபார்மைத்தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது அவனை மாமா என்கிறாள். நான்தான் பழக்கினேன். நாளைக்கு அவள் வயதுக்கு வந்தாலும் மாமன் சீர் அவன்தான் கொண்டுவருவான்.

ஊர் திரும்பியதும் நீ தாராளமாக வா. காபி தருவேன். என் மகளும் வாசலுக்கு ஓடிவந்து உன்னை 'அங்கிள்' என்று கூப்பிடுவாள்.

இப்படிக்கு,
உன் கூடப் பிறந்தவள்