கடைசியாகத் தெரிந்த விலாசம்

வெர்னனுக்கு,

இதை உன் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். நீ எங்கே இருக்கிறாய் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கோழி இறைச்சி ஆலையில் நீ வாங்காமல் போன கடைசிச் சம்பளக் காசோலை ஒரு வருடமாக என் மேசையில்தான் கிடந்தது.

"யாரும் வாங்காத சம்பளத்தை அரசாங்கத்துக்கு அனுப்புறதுக்கு முன்னாடி, கடைசியாத் தெரிஞ்ச விலாசத்துக்கு ஒரு கடுதாசி போட்டாகணும்," என்றாள் என் மேலாளர் லோரெய்ன்.

"அது என் வீடுதானே?"

"இருந்தா என்னடி, சட்டம் சட்டம்தான்."

அனுப்பினேன். வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தது. நானே கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அறுபது நாள் கழித்து, பதில் இல்லை என்று நானே குறித்தேன்.

இனி அந்தப் பணம் உன் பெயரில் அர்கன்சாஸ் அரசிடம் இருக்கும். எத்தனை வருடம் கழித்து வந்தாலும் தருவார்களாம்.

வீட்டுப் பூட்டை நேற்று மாற்றிவிட்டேன்.

சம்பளப் பிரிவிலிருந்து,
உன் மனைவி